பழைய பப்பைக் கடையும் பிளாட்டும் ஆக்க அனுமதி தேவையா?

கேள்வி: 11 மே 2023

தென்கிழக்கு லண்டனில் ஒரு தெருமுக்கில் விக்டோரியா காலத்துப் பப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மூடி ஒன்றரை வருடம். கீழே பலசரக்குக் கடை, மேலே மூன்று பிளாட் என்று யோசிக்கிறோம். பப்பைக் கடையாக்க அனுமதியே தேவையில்லை, சாவி கிடைத்த மறுநாளே சாமான் அடுக்கும் தட்டுப் பூட்டலாம் என்று மாமா உறுதியாகச் சொல்கிறார். இதைச் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: 11 மே 2023, இரவு

மாமா சொல்வது பொய்யில்லை, பழைய கதை. 2017 மே 23 வரைக்கும் இங்கிலாந்தில் பப்பைக் கடையாக மாற்ற பிளானிங் அனுமதி தேவைப்படவில்லை. கட்டடங்களைப் பயன்பாட்டின்படி வகுப்பு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள்: பப் ஏ4 வகுப்பு, கடை ஏ1 வகுப்பு. ஏ4-இலிருந்து ஏ1-க்குக் கேளாமலே மாறிக்கொள்ளும் உரிமை இருந்தது. பெரிய சுப்பர்மார்க்கெட்டுகள் முக்குப் பப்புகளை வரிசையாகப் பிடித்தது அந்த வழியில்தான். ஊரார் காலையில் எழும்பிப் பார்த்தால் கண்ணாடியில் புதுப் பெயர் ஒட்டியிருக்கும், முறையிட இடமே இராது. 2017-இல் அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். 2020 செப்டெம்பரில் வகுப்புகளையே மாற்றி, கடை, அலுவலகம், உணவகம் எல்லாவற்றையும் ‘ஈ’ என்ற ஒரே வகுப்பில் போட்டார்கள். பப்பை அதில் சேர்க்கவில்லை. ஆகவே இன்று பப்பைக் கடையாக்கவும் முழு விண்ணப்பம் போட வேண்டும். மேல்மாடியைப் பிளாட் ஆக்க அந்தக் காலத்திலும் அனுமதி வேண்டும்.

நானும் மச்சானும் 2018-இல் இப்படி ஒன்றை வாங்கினோம். 2021-இல் கடை திறந்தோம். மேலே மூன்று பிளாட். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மறுநாளே தட்டுப் பூட்டுகிற எண்ணத்தை மட்டும் இப்போதே விடுங்கள்.

12 மே 2023

முற்பணம் கட்டுமுன் செய்ய வேண்டியதை நேற்று எழுத மறந்துவிட்டேன். அந்தக் கட்டடம் லிஸ்டட் கட்டடமா, அதாவது வரலாற்று மதிப்புக்காகப் பட்டியலிட்டுக் காக்கப்படுகிற கட்டடமா என்று பாருங்கள். லிஸ்டட் என்றால் உள்ளே நிற்கும் ஒரு பழைய மரத் தடுப்பைக் கழற்றவும் தனி ஒப்புதல் வேண்டும். ஒப்புதலின்றிக் கழற்றினால் அது கிரிமினல் குற்றம், வழக்கு வரும். லிஸ்டட் இல்லாமல், பழைய தோற்றத்தைக் காக்கவென்று குறித்த பாதுகாப்புப் பகுதிக்குள் மட்டும் இருந்தால் வெளித்தோற்றத்தில் கை வைக்கக் கட்டுப்பாடு உண்டு, உள்ளே அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அப்புறம் சமூகச் சொத்துப் பட்டியல். 2011-இல் வந்த சட்டம். அந்த இடத்தில் வாக்குரிமை உள்ள 21 பேர் சேர்ந்து கேட்டாலே கவுன்சில் ஒரு பப்பை அந்தப் பட்டியலில் போடலாம், ஐந்து வருடம் அங்கே இருக்கும். சொந்தக்காரர் விற்க நினைத்தால் முதலில் அறிவிக்க வேண்டும். ஆறு கிழமைக்குள் ஊரார் குழு ‘நாங்கள் வாங்கப் பார்க்கிறோம்’ என்று எழுதிக் கொடுத்தால் விற்பனை ஆறு மாதம் நிற்கும். அதன் பிறகும் அவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அவகாசம் கொடுப்பதோடு சட்டத்தின் வேலை முடிந்தது.

எங்கள் கட்டடம் பட்டியலில் இருந்தது. ஊரார் ஆறு மாதம் ஓடிப் பார்த்தார்கள், காசு சேரவில்லை. அதற்குப் பிறகுதான் நாங்கள் போனோம்.

14 மே 2023

‘உங்கள் கட்டடத்தில் என்னென்ன கழற்றினீர்கள்’ என்று கேட்டிருந்தீர்கள். பாதுகாப்புப் பகுதி, லிஸ்டட் இல்லை. ஆகவே உள்ளே தடை இருக்கவில்லை. கவுண்டர், பின்னால் கண்ணாடி பதித்த மரத் தட்டு, இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த தடுப்பு எல்லாவற்றையும் எடுத்தோம். கடை அகலமாயிற்று. நேர் வரிசையாக நான்கு தட்டு நிறுத்த முடிந்தது.

வெளியே ஒன்றும் தொடவில்லை. கீழ்ச்சுவர் முழுக்கக் கரும்பச்சை டைல்ஸ், அதில் ஒரு துளை போடவும் விடவில்லை. இரும்பு ஷட்டர் வெளியே பூட்டக் கேட்டோம், மறுத்தார்கள். உள்பக்கம் மடங்கும் கம்பிக் கதவு போட்டோம். பெயர்ப்பலகையைப் பழைய பலகை இருந்த இடத்திலேயே, மரத்தில், கையால் எழுதுவித்தோம். அதற்கு ஆன செலவில் மச்சானுக்குக் கோபம். எனக்கு இன்றுவரைக்கும் அந்தப் பலகைதான் பிடிக்கும்.

20 மே 2023

ஏன் இந்தக் கடைக்காரர்களுக்கெல்லாம் பப் மீது கண் என்று ஒருவர் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் ஒரு பெரிய காரணம். 1994-இல் வந்தது. 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஞாயிறு ஆறு மணித்தியாலம்தான் திறக்கலாம். அதற்குட்பட்டது நாள் முழுக்கத் திறக்கலாம். ஒரு முக்குப் பப்பின் கீழ்த்தளம் அந்த அளவுக்குள் அழகாக அடங்கிவிடும். இரண்டு தெருவுக்கும் முகம், பின்னால் வண்டி வர ஒரு முற்றம், கீழே நிலவறை. கடைக்காரன் கண்ணுக்கு அது கடையாகவே தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

21 மே 2023

திருத்தம். 280 என்பது கட்டடத்தின் மொத்த அளவு அல்ல. பொருள் வைத்து விற்கும், ஆட்கள் நடமாடும் பகுதி மட்டும்தான் கணக்கு. களஞ்சியமும் ஊழியர் அறையும் சேராது. எங்கள் கணக்காளர் வாசித்துவிட்டுக் காலையிலேயே எடுத்துச் சொன்னார்.

3 ஜூன் 2023

மேல்மாடி பற்றி. பப்புக்காரரின் குடும்பம் மேலேதான் குடியிருக்கும், ஆனால் அந்த வீட்டுக்குத் தனி வாசல் இராது. படிக்கட்டு நேரே பாருக்குள்ளோ பின் சமையலறைக்குள்ளோ இறங்கும். பிளாட் ஆக்கினால் தெருவிலிருந்து தனி வாசல் வேண்டும், கடையில் தீப்பிடித்தால் அந்தப் படிக்கட்டுக்குள் புகை வரக் கூடாது, கடைக்கும் முதல் மாடிக்கும் நடுவே ஒரு மணி நேரம் தீ தாங்கும் தளம் வேண்டும். பழைய கம்புச் சுண்ணாம்புச் சீலிங்கை நம்பி இதைச் செய்ய முடியாது.

வாசலுக்கு எங்களுக்கு ஒரு வழி அகப்பட்டது. விக்டோரியா காலத்துப் பப்புக்கு ஏன் அத்தனை கதவு என்று பார்த்திருப்பீர்கள். பப்ளிக் பாருக்கு ஒன்று, கொஞ்சம் கூடக் காசு கொடுத்துக் குடிக்கும் சலூன் பாருக்கு ஒன்று. பக்கத்தெருவில் மூன்றாவதாக ஒரு குறுகிய கதவு. அதற்கு ஜக் அண்ட் பாட்டில் என்று பெயர். வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் குடத்தையும் போத்தலையும் கொண்டுவந்து அந்தச் சின்ன வாசலில் நிறைத்துக்கொண்டு போவார்கள். அறை என்று சொல்ல முடியாது, இரண்டு பேர் நிற்கலாம், அவ்வளவுதான். எங்கள் கட்டிடக் கலைஞர் அந்தக் கதவைத்தான் பிளாட்டுகளின் வாசலாக்கினார். உள்ளே திரும்பினால் படிக்கட்டு. கதவுக்கு மேலே கண்ணாடியில் அந்த மூன்று சொல்லும் இன்னமும் பொறித்திருக்கிறது. குடியிருப்பவர்கள் முகவரி சொல்லும்போது அந்தக் கதவைத்தான் அடையாளம் சொல்கிறார்கள்.

எத்தனை பிளாட் போடலாம் என்பதற்கு அளவு உண்டு. ஒருவர் தங்க 37 சதுர மீற்றர், இரண்டு பேருக்கு ஒரு படுக்கையறையோடு 50. நாங்கள் நான்கு வரைந்து கொண்டுபோனோம், மூன்று ஆயிற்று. நான்காவதன் ஜன்னல் சுவரைப் பார்த்தபடி இருந்தது. அதிகாரி அதை மறுத்தது சரி.

9 ஓகஸ்ட் 2023

இந்த இழையில் எழுத வேறு விஷயம் வைத்திருந்தேன். செய்தியைப் பார்த்த பிறகு எழுத மனமில்லை. ஸ்டாபர்ட்ஷயரில் ஹிம்லி என்ற இடத்தில் குரூக்கட் ஹவுஸ் என்று ஒரு பப். 1765-இல் பண்ணை வீடாகக் கட்டியது. அடியில் நிலக்கரி தோண்டியதில் நிலம் இறங்கி ஒரு பக்கம் நாலடி தாழ்ந்துபோய், சரிந்தபடியே நின்றது. மேசையில் கோலிக்குண்டை வைத்தால் மேட்டுப் பக்கம் உருள்வது போலத் தெரியும். மச்சானின் பிள்ளைகளோடு ஒருமுறை போய் அரை மணி நேரம் அதையே உருட்டிக்கொண்டிருந்தோம். ஜூலையில் கைமாறியது. சனிக்கிழமை இரவு எரிந்தது. திங்கட்கிழமை இடித்துத் தரைமட்டம். லிஸ்டட் கட்டடம் இல்லை.

பப் ஒன்றை வாங்கி மாற்றிய ஆள் நான். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

10 ஓகஸ்ட் 2023

நேற்று நான் எழுதியதற்கு ‘இடித்தவனை யார் என்ன செய்ய முடியும்’ என்று கேட்டவருக்கு: செய்திருக்கிறார்கள். லண்டனில் மெய்டா வேல் பக்கம் கார்ல்டன் டாவர்ன் என்று ஒரு பப். 1920-21-இல் கட்டியது, லண்டன் குண்டுவீச்சில் தப்பியது. பிளாட் கட்டக் கேட்டு மறுக்கப்பட்டு, லிஸ்ட் பண்ணலாமா என்று ஆய்ந்துகொண்டிருந்த நேரத்தில், 2015 ஏப்ரலில் அனுமதியே இல்லாமல் இடித்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் இருந்தபடியே திரும்பக் கட்டு என்று உத்தரவு போட்டது. மேல்முறையீடு தோற்றது. ஆய்வுக்காகக் கட்டடத்தை முன்பே விவரமாகப் பதிந்து வைத்திருந்ததால் செங்கல், டைல்ஸ் எல்லாம் எப்படி இருந்தன என்று தெரிந்தது. கட்டினார்கள். 2021 ஏப்ரலில் திரும்பத் திறந்தது. நான் போய்ப் பார்த்தேன். புதிது என்று தெரியாமல் உள்ளே போகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

முதலில் கேள்வி கேட்ட தம்பி, நீங்கள் வாங்கப் பார்க்கும் கட்டடம் லிஸ்டட் இல்லை என்றாலும் இதற்காகவே ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து வையுங்கள். நாங்கள் எடுத்தது பதினோரு படம். அதில் ஆறு மின்கம்பிப் பெட்டி.

17 செப்டெம்பர் 2023

‘நம்ம ஆட்கள்தான் பப்புகளை அழிக்கிறார்கள்’ என்று ஒரு பதில். கோபமாக எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். அமைதியாகச் சொல்கிறேன்.

2000-இல் இந்த நாட்டில் 60,000 பப் அளவில் இருந்தன. இன்று 45,000 சொச்சம். இதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. 1989-இல் பெரிய பியர்க் கம்பனிகள் 2,000 பப்புக்கு மேல் வைத்திருக்கக் கட்டுப்பாடு வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான். விற்கப்பட்ட பப்புகள் பியரே காய்ச்சாத பெரிய சொத்துக் கம்பனிகளின் கைக்குப் போயின. அவர்களுக்கு வாடகைதான் வியாபாரம், கட்டடத்தை விற்றாலும் இலாபம். 2007 ஜூலையில் புகைத்தல் தடை. 2008-இலிருந்து ஐந்து வருடம் பியர் வரி விலைவாசியை விட வேகமாக ஏறியது. சுப்பர்மார்க்கெட்டில் ஒரு பெட்டி பியர் பப்பில் நாலைந்து கிளாஸ் விலைக்குக் கிடைத்தது. சில பப்புகளை விற்கும்போதே ‘இனி இங்கே பப் நடத்தக் கூடாது’ என்று பத்திரத்தில் எழுதி விற்றார்கள், பக்கத்தில் இருக்கும் தங்கள் மற்றப் பப்புக்குப் போட்டி வராமல் இருக்க. உங்கள் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

நம்ம ஆட்கள் வருவது இதற்கெல்லாம் பிறகு, பூட்டிக் கிடக்கும் கதவுக்கு. சவுதாலில் கிளாஸி ஜங்ஷன் என்று பஞ்சாபிகள் நடத்திய பப் இருந்தது. இந்திய ரூபாயையே வாங்கிக்கொள்வார்கள். 2012-இல் மூடி, பிறகு தென்னிந்தியச் சைவ உணவகம் ஆயிற்று. ஊரில் ஒரு பொது இடம் கை மாறியது, பொது இடமாகவே இருந்தது. பூட்டிக் கிடப்பதை விட அது நல்லது என்று நான் நினைக்கிறேன்.

ஆனாலும் அந்தப் பதில் எழுதியவர் முழுக்கப் பிழையும் இல்லை. மூடியது நாங்கள் இல்லை, ஆனால் இனித் திறக்காதபடி செய்தது நாங்கள்தான். எங்கள் கட்டடத்தில் இனி யாரும் பப் நடத்தப்போவதில்லை. மேலே மூன்று குடும்பம் இருக்கிறது.

5 நவம்பர் 2023

நிலவறை. இதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, எனக்கு அதிகம் செலவு வைத்தது இதுதான்.

பப்பின் நிலவறை பீப்பாய்க்காகக் கட்டியது. 12 பாகை அளவில் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், சுவர் கொஞ்சம் ஈரம் குடித்து ஈரம் விடும், தெருவோரத்து இரும்புக் கதவின் இடுக்கால் காற்று வந்து போகும். நாங்கள் அதைக் களஞ்சியம் ஆக்கினோம். பில்டர் சுவர் முழுக்கச் சீமெந்து பூசினார், தெருக்கதவின் இடுக்கை அடைத்தார். பார்க்கச் சுத்தமாக இருந்தது. முதல் மழைக்காலத்தில் ஈரம் சீமெந்துக்குள் அடைபட்டு, வழி தேடிச் சுவரில் மேலே ஏறி, கடையின் உள்சுவரில் வெள்ளை உப்பாகப் பூத்தது. கீழே அடுக்கியிருந்த சிவப்பு அரிசி அறுபது மூட்டை மணக்கத் தொடங்கியது. ஒடியல் மாவைத் தொட்டுப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

சீமெந்தைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்புச் சாந்து பூசி, காற்றுவழியைத் திறந்த பிறகு ஒரு வருடத்தில் சுவர் அடங்கியது. இப்போது கீழே சோடாவும் எண்ணெய்த் தகரமும்தான். அரிசி மேலே. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது: நிலவறைக்கு மேலே இருப்பது மரத் தளம். ஆட்கள் நின்று குடிக்கும் பாரத்தைத் தாங்கும், ஒரே இடத்தில் இரண்டு தொன் அரிசியை வைத்தால் தாங்குமா என்று கேட்டால் எஞ்சினியர் முகம் மாறுகிறது. இரண்டு இரும்பு உத்திரம் போட்டோம்.

பழைய சுவரோடு வேலை செய்யத் தெரிந்த மேசனை முதலில் தேடுங்கள், அதற்குப் பிறகு பில்டரை.

6 நவம்பர் 2023

அந்த வெள்ளை உப்பைக் கழுவலாமா என்று கேட்கிறார்கள். கழுவ வேண்டாம். காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்புத் திரும்ப உள்ளே போகும்.

21 ஜனவரி 2024

ஒலி. கடைக்கும் பிளாட்டுக்கும் நடுவே தளம் 43 டெசிபெல் தடுக்க வேண்டும், மாற்றிய கட்டடங்களுக்கு அதுதான் குறைந்தபட்சம். எங்கள் தளம் சோதனையில் நல்லபடியாகத் தேறியது. முதல் மாடிக்குக் குடிவந்த பிள்ளை, தாதி வேலை, இரவு முழுக்க வேலை செய்துவிட்டுப் பகலில் படுப்பவர், மூன்றாம் கிழமை கீழே வந்தார். ‘சத்தம் இல்லை அண்ணா, ஆனால் கட்டில் உறுமுகிறது’ என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மேலே போய் அவர் தலையணைப் பக்கம் சுவரில் காதை வைத்தேன். பால் குளிரூட்டியின் மோட்டர். சோதனை பேச்சு, பாட்டு, தொலைக்காட்சி மாதிரி காற்றில் வரும் சத்தத்தை அளந்தது. இது சுவர் வழியே ஏறும் அதிர்வு. குளிரூட்டிகளைப் பழைய செங்கல் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தோம். ஒரு சாண் தள்ளி, அடியில் தடித்த ரப்பர் வைத்து, வெளிமோட்டர்களை முற்றத்தில் தனிக் கட்டையில் நிறுத்தினோம். நின்றுவிட்டது. கடை கட்டும்போதே செய்திருந்தால் இருநூறு பவுணில் முடியும். பிறகு செய்ததால் இரண்டாயிரத்துக்கு மேல் போயிற்று.

விடியற்காலை ஐந்து மணிக்கு மரக்கறி வண்டி வருவதையும் ஏழு மணிக்கு மாற்றினோம். கவுன்சில் கேட்கவில்லை. அவர் கேட்டார்.

2 மார்ச் 2024

குரூக்கட் ஹவுஸைத் திரும்பக் கட்டச் சொல்லி இந்தக் கிழமை கவுன்சில் உத்தரவு போட்டிருக்கிறது. ஓகஸ்டில் எழுதியதைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்காக.

அந்தச் சாக்கில் இந்த இழையை மேலிருந்து வாசித்தேன். 14 மே எழுதியதில் ஒரு வரி குத்துகிறது. ‘கவுண்டர் எல்லாவற்றையும் எடுத்தோம், கடை அகலமாயிற்று.’ அதை அவ்வளவு இலகுவாக எழுதியிருக்கக் கூடாது.

மகோகனிக் கவுண்டர் அது. நீளம் ஐந்து மீற்றருக்கு மேல், முனையில் வளைவு. மேற்பலகையில் கை வைத்து வைத்து ஒரு இடம் மட்டும் குழிந்து போயிருக்கும். பின்தட்டில் தூண் தூணாகக் கடைசல், நடுவில் கண்ணாடி. பழைய கட்டடப் பொருள் வாங்கும் ஒருவர் எல்லாவற்றுக்கும் 900 பவுண் தந்து ஒரு பகலில் கழற்றிக்கொண்டு போனார். திறந்த முதல் நாள் வயதான ஒரு அம்மா வந்தார். அங்கே இருபத்திரண்டு வருடம் பின்னால் நின்று ஊற்றிக் கொடுத்தவராம். ஒரு பால் போத்தல் வாங்கினார். காசு கொடுக்கும்போது சுற்றிப் பார்த்து, ‘கவுண்டரை எங்கே வைத்தீர்கள்’ என்று கேட்டார். எங்கேயோ பத்திரமாக வைத்திருப்போம் என்று நினைத்துத்தான் கேட்டார். விற்றுவிட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மச்சான்தான் சொன்னான்.

அவர் இன்றைக்கும் கடைக்கு வருகிறார். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

கடைக்கு நீளமான ஒரு மேசை எப்படியும் வேண்டும். பணம் வாங்க, பொதி கட்ட, பெட்டி வைக்க. நாங்கள் அதற்கு வேறு ஒன்று செய்வித்தோம், 3,400 பவுண். பழைய கவுண்டரையே அப்படியே வைத்திருக்கலாம் என்று அன்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அது குடிக்கிற சாமான் என்று மட்டும் பார்த்தோம்.

3 மார்ச் 2024

திரும்ப வாங்கலாமே என்கிறீர்கள். கேட்டேன். வேறு ஊருக்குப் போய், துண்டாகி, ஒரு வீட்டுச் சமையலறையில் இருக்கிறதாம்.

ஜன்னலை மட்டும் காப்பாற்றினோம். கீழ்ப்பாதி பூ வேலை செய்த மங்கல் கண்ணாடி, உள்ளே குடிப்பவரைத் தெருவில் போகிறவர் பார்க்காமல் இருக்க. கடைக்கு ஜன்னல் என்றால் உள்ளே தெரிய வேண்டுமே என்று மச்சான் மாற்றச் சொன்னான், நான் விடவில்லை. மரக்கறியை வெளியே வைத்தோம். சுவருக்கும் நடைபாதையில் பதித்த பித்தளைக் குமிழ்களுக்கும் நடுவே உள்ள இடம் கட்டடத்துக்குச் சொந்தமானது, அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் போதும். மாரியில் நாலு மணிக்கு இருட்டியதும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரியும்போது தெருமுனையிலிருந்தே மஞ்சளாகத் தெரியும். முன்பு இங்கே வந்தவர்கள் பலர் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் முதல்முறை உள்ளே வந்ததாகச் சொன்னார்கள்.

16 ஜூன் 2024

நேற்றுத் தம்பி வாங்கப் பார்க்கும் கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன். ஒரு வருடமாக எழுதுகிறோம், நேரில் பார்க்காமல் எழுதுவது சரியில்லை என்று நானே கேட்டுப் போனேன். மாமாவும் வந்திருந்தார், நல்ல மனிதர். அப்பம் கட்டிக் கொண்டுவந்தார்.

கட்டடத்தைப் பார்த்த பிறகு என் எண்ணம் கொஞ்சம் மாறிவிட்டது. நிலவறை உலர்ந்து கிடக்கிறது. கவுண்டர் அப்படியே இருக்கிறது. பின்னால் தோட்டம். ரயில் நிலையம் ஆறு நிமிட நடை. இது செத்த பப் இல்லை, நடத்தத் தெரியாதவர்களின் கையில் அகப்பட்ட பப். லண்டன் திட்டம் என்று நகரம் முழுவதற்குமான கட்டடக் கொள்கை ஆவணம் ஒன்று உண்டு. அதன் 2021 கொள்கைப்படி, பப்பை வேறு ஒன்றாக்க வேண்டுமென்றால் 24 மாதமாவது நியாயமான விலைக்குப் பப்பாகவே விற்கப் பார்த்தும் ஆள் வரவில்லை என்று காட்ட வேண்டும். விளம்பரம் இல்லாமல் சும்மா பூட்டிக் கிடந்த நாள் அதில் சேராது. உங்களுக்கு விற்பவர் அந்த விளம்பரத்தைச் செய்யவே இல்லை. மேல்மாடியைப் பிளாட் ஆக்கி அதனால் கீழே பப் நடத்த முடியாமல் போவதையும் அதே கொள்கை தடுக்கிறது. சிலர் அதை இரண்டு கட்டமாகச் செய்வார்கள்: முதலில் மேலே பிளாட், பிறகு சத்தம் என்று முறைப்பாடு, பிறகு பப்பை மூடுவது. அதிகாரிகளுக்கு இது தெரியும்.

நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் என்ற பப்பை ஊரார் சேர்ந்து 2013-இல் வாங்கினார்கள். நாட்டிலேயே சமூகச் சொத்துப் பட்டியலில் முதலில் ஏறிய பப் அது. எங்கள் ஊராரால் முடியாதது அங்கே முடிந்தது. ஆகவே எல்லாப் பப்பும் பிழைக்காது என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததையும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

18 ஜூன் 2024

‘அப்படியானால் வாங்க வேண்டாம் என்கிறீர்களா’ என்று தம்பி தொலைபேசியில் கேட்டார். இரண்டு நாள் யோசித்தேன்.

உங்கள் கட்டடத்தில் இரண்டு அறையும் நடுத்தடுப்பும் இன்னும் அப்படியே இருக்கின்றன, இரண்டுக்கும் தெருவாசல் தனித்தனி. கென்ட்டில் ஹேர்ன் என்ற ஊரில் 2005-இல் ஒருவர் பழைய இறைச்சிக் கடை ஒன்றைச் சின்னஞ்சிறு பப்பாக்கினார். ஒரே அறை, பாட்டு இல்லை, நல்ல பியர், ஆட்கள் ஒருவரோடொருவர் கதைப்பார்கள். அதைப் பார்த்து நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. கடை பப்பாக முடியுமென்றால், இத்தனை பெரிய பப்பில் ஒரு பாதி பப்பாகவே இருந்து மறுபாதி கடையாக முடியாதா? சலூன் பக்கம் பெரியது, அதைக் கடையாக்குங்கள். பப்ளிக் பார் பக்கத்தைக் கவுண்டரோடு வாடகைக்கு விடுங்கள். நடத்த ஆள் கிடைக்கும். உங்கள் கடைக்கும் அவர்களால் ஆள் வரும், மிக்சரும் கடலையும் யார் விற்பது என்று மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பிளாட்டைக் குறைத்து இரண்டு போடுங்கள். ஒலித்தடுப்பு உங்கள் பொறுப்பு, பப்காரர் பொறுப்பு அல்ல. ஏற்கெனவே இருக்கும் பப்புக்கு மேலே புதிதாக வீடு கொண்டுவருபவர்தான் தடுப்புச் செய்ய வேண்டும் என்று 2018-இலிருந்து தேசியக் கொள்கையிலேயே இருக்கிறது.

மாமாவுக்குப் பிடிக்காது என்று தெரியும். வாடகைக் கணக்கை நான் எழுதித் தருகிறேன், அவரிடம் காட்டுங்கள்.

29 ஜூன் 2024

மாமா கூப்பிட்டுக் கதைத்தார். ஒரு மணி நேரம். குடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு கடை நடத்துவது எப்படி என்று அவருக்குக் கவலை. நியாயமான கவலை. எங்கள் கடையில் பியரும் வைனும் தட்டில் இருக்கின்றனதானே, அவற்றை வாங்குகிறவர்கள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து குடிக்கப் போகிறார்கள், அவ்வளவுதான் என்றேன். கொஞ்சம் யோசித்து, ஒரு நாள் பின்னேரம் அப்படி ஒரு சின்னப் பப்பைக் காட்டு என்றார். கூட்டிப் போனேன். தோடம்பழச் சாறு குடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் சாரதியோடு கிரிக்கெட் கதைத்தார். என்னை ஒருபக்கம் மறந்தே போனார்.

10 நவம்பர் 2024

விண்ணப்பம் போனது. சலூன் பக்கம் கடை, பப்ளிக் பார் பப், மேலே இரண்டு பிளாட். பதிவான பதினெட்டுக் கருத்தில் பதினாறு ஆதரவு என்று தம்பி எழுதியிருக்கிறார். எங்கள் விண்ணப்பத்துக்கு அன்று வந்தவற்றில் முக்கால்வாசி எதிர்ப்பு.

வரைபடத்தைப் பார்த்தேன். ஒன்றே ஒன்று மாற்ற வேண்டும். கடைக்கும் பப்புக்கும் நடுவில் வரும் புதுத் தீச்சுவர் கவுண்டரின் வளைந்த முனையை 30 சென்றிமீற்றர் வெட்டுகிறது. வளைவை வெட்டினால் அது வெறும் பலகை. சுவரை 40 சென்றிமீற்றர் கடைப் பக்கம் தள்ளச் சொல்லுங்கள். கடையில் ஒரு தட்டு குறையும், பரவாயில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அளவு நாடாவோடு வருகிறேன். மாமாவையும் வரச் சொல்லுங்கள், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.